அரியலூர் ரயில் விபத்தும் அரசுப் பணியில் பதில் சொல்லும் கடமையும்

அரியலூர் ரயில் விபத்து 1956 நவம்பர் 23 அன்று விடியற்காலையில் நிகழ்ந்தது. அன்றைய சென்னை மாநிலத்தின் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், அரியலூருக்கு அருகே மருதையாற்றின் மீதிருந்த ரயில் பாலம் வெள்ளத்தில் சிதைந்திருந்தது. முந்தைய நாள் இரவு சென்னையிலிருந்து புறப்பட்டுத் தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு ரயிலின் நீராவி எஞ்சினும் ஏழு பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. இறந்தோர் எண்ணிக்கை பதிவுக்குப் பதிவு மாறுபடுகிறது. 142 என்றும் 154 என்றும் குறிக்கப்படுகிறது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

இந்திய அரசியல் வரலாற்றில் இந்த விபத்து வேறொரு காரணத்துக்காகவும் நினைக்கப்படுகிறது. அப்போதைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி இதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அரசுப் பணியில் அறநெறி, பொறுப்பு, பதில் சொல்லும் கடமை ஆகியவை பற்றிப் பேசும் பாடநூல்களிலும் போட்டித் தேர்வுக் கையேடுகளிலும் இந்தப் பதவி விலகல் இன்றும் எடுத்துக்காட்டாக வருகிறது. ஆனால் பலரும் அந்தச் செய்தியோடு நின்றுவிடுகின்றனர். பாலத்துக்கு யார் பதில் சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்பது தனிக் கேள்வி. அரசு ஊழியரின் பொறுப்பைப் புரிந்துகொள்ள அந்த இரண்டாவது கேள்வியே கூடுதலாக உதவும்.

மகபூப்நகரும் அரியலூரும்

மருதையாறு பச்சைமலைப் பகுதியில் தோன்றி, இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் வழியாக ஓடிக் கொள்ளிடத்தில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் இத்தகைய காட்டாறுகள், வடகிழக்குப் பருவமழையில் சில மணி நேரத்துக்குள் கரை புரண்டுவிடும். கோடையில் பார்ப்பவருக்கு இந்த ஆற்றுக்கு இவ்வளவு பெரிய பாலம் எதற்கு என்றுதான் தோன்றும்.

அரியலூர் விபத்துக்கு ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன், 1956 செப்டம்பர் 2 இரவில், அன்றைய ஹைதராபாத் மாநிலத்தில் மகபூப்நகர் அருகே ஒரு ரயில் பாலம் இடிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போதே சாஸ்திரி பதவி விலகல் கடிதம் கொடுத்தார். பிரதமர் ஜவஹர்லால் நேரு அதை ஏற்கவில்லை. அரியலூர் விபத்துக்குப் பின் சாஸ்திரி மீண்டும் கடிதம் கொடுத்தார். இம்முறை நேரு அதை ஏற்றுக்கொண்டார். சாஸ்திரி எவ்வகையிலும் விபத்துக்குக் காரணமானவர் அல்லர் என்றும், அரசமைப்பு மரபுக்கு ஒரு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்பதற்காகவே விலகலை ஏற்பதாகவும் அவர் நாடாளுமன்றத்தில் விளக்கினார். சாஸ்திரியை அடுத்து ஜகஜீவன் ராம் ரயில்வே அமைச்சரானார்.

தமிழகத்தில் இந்த விபத்தின் அரசியல் வேறு வடிவம் எடுத்தது. ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர் ஓ. வி. அழகேசன். 1957-இல் திராவிட முன்னேற்றக் கழகம் முதன்முறையாகப் பொதுத்தேர்தலைச் சந்தித்தபோது, அரியலூரையும் அழகேசன் பெயரையும் இணைத்த எதுகை முழக்கம் மேடைகளிலும் சுவர்களிலும் பரவியது. செங்கல்பட்டுத் தொகுதியில் அவர் தோற்றார். 1962-இல் அதே தொகுதியில் வென்று மீண்டும் மத்திய அமைச்சரவைக்கு வந்தார். 1965 பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது, சி. சுப்பிரமணியத்துடன் சேர்ந்து அவரும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த பிரதமர் அதே சாஸ்திரிதான்.

இரண்டு வகைப் பொறுப்பு

நாடாளுமன்ற ஆட்சிமுறையில் ஒரு துறையின் செயலுக்கு அமைச்சர் அவையில் பதில் சொல்ல வேண்டும். தவறு தம் கையால் நேராவிட்டாலும் துறையின் தலைமை என்ற முறையில் அவர் பொறுப்பேற்கிறார். இது அமைச்சரின் தார்மீகப் பொறுப்பு. இதற்குத் தண்டனைச் சட்டப் பிரிவு எதுவும் இல்லை. மனசாட்சியும் அரசியல் மரபும் மட்டுமே இதன் அடிப்படை.

அரசு ஊழியரின் பொறுப்பு அப்படிப்பட்டதன்று. அவர் எந்த ஆணையின்படி, எந்த நாளில், எந்தக் கோப்பில் கையெழுத்திட்டார், எதைப் பார்வையிட வேண்டியிருந்தது, பார்வையிட்டாரா என்பன பதிவுகளிலிருந்து தெரிய வேண்டும். இதைப் பதில் சொல்லும் கடமை எனலாம். தமிழில் இரண்டையும் 'பொறுப்பு' என்ற ஒரே சொல்லால் குறிப்பதால் குழப்பம் எளிதில் நேர்கிறது. அமைச்சர் விலகினால் எல்லாம் தீர்ந்தது என்ற எண்ணமும், கீழ்நிலை ஊழியர் ஒருவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தால் போதும் என்ற எண்ணமும் இந்தக் குழப்பத்தில் பிறந்தவை.

சாஸ்திரியின் முன்மாதிரி பிற்காலத்தில் அரிதாகவே பின்பற்றப்பட்டது. 1999 ஆகஸ்டில் மேற்கு வங்கத்தின் கைசல் விபத்துக்குப் பின் நிதிஷ் குமார் ரயில்வே அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். 2023 ஜூன் 2 அன்று சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு ரயில் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் விபத்துக்குள்ளாகி 290-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அமைச்சர் விலக வேண்டும் என்ற குரல் எழுந்து அடங்கியது. அடுத்த மாதம் மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது சமிக்ஞைப் பிரிவின் பொறியாளர் இருவரையும் தொழில்நுட்பர் ஒருவரையும். கடந்த காலத்தில் சமிக்ஞை மின்சுற்றில் செய்யப்பட்ட மாற்றங்களில் நேர்ந்த குறைபாடே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அத்தகைய மாற்றத்துக்கு ஒப்புதல் தருவது, சரிபார்ப்பது, மேற்பார்வையிடுவது எனப் பல படிகள் உண்டு. பதில் சொல்லும் கடமை எந்தப் படியில் தொடங்கி எந்தப் படியில் நிற்கிறது என்பதே இத்தகைய வழக்குகளில் எழும் உண்மையான சிக்கல்.

விசாரிப்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர்?

ஒரு துறையின் தவறை அதே துறை விசாரித்தால் நம்பகம் குறையும். ரயில்வே இதை நாட்டு விடுதலைக்கு முன்பே உணர்ந்திருந்தது. பாதுகாப்பை ஆய்வு செய்யும் அரசு ஆய்வாளர்கள் 1941-இல் ரயில்வே வாரியத்தின் கட்டுப்பாட்டிலிருந்து பிரிக்கப்பட்டு, அஞ்சல், வான்வழித் துறையின் கீழ் வைக்கப்பட்டனர். 1961-இல் இந்த அமைப்பு ரயில்வே பாதுகாப்பு ஆணையம் எனப் பெயர் மாறியது. 1967 முதல் இது விமானப் போக்குவரத்தைக் கவனிக்கும் அமைச்சகத்தின் கீழ் உள்ளது. ரயில் விபத்தை விசாரிப்பவருக்கு மேலதிகாரி விமானத் துறையில் இருப்பது முதலில் கேட்பவருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். அந்த ஏற்பாட்டின் நோக்கமே அதுதான். பயணிகள் உயிரிழக்கும் கடும் விபத்துகளை இந்த ஆணையர் விசாரிக்கிறார். மற்ற அரசுத் துறைகளில் இப்படி வெளியிலிருந்து வரும் நிரந்தர விசாரணை அமைப்பு பெரும்பாலும் இல்லை.

பாலங்களைப் பொறுத்தவரை நிலைத்து நின்ற மாற்றம் பொறியியல் வழியாக வந்தது. 1957-இல் பொறியாளர் ஏ. என். கோஸ்லா தலைமையில் அமைக்கப்பட்ட குழு, சிறிய, நடுத்தர நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் வெள்ள அளவைக் கணக்கிடும் முறையை ஆராய்ந்தது. பழைய அனுபவச் சூத்திரங்களை விட்டுவிட்டு, அந்தந்தப் பகுதியின் மழையளவையும் நீரோட்டத்தையும் அளந்து பாலத்தின் நீர்வழியைத் தீர்மானிக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. இதன் தொடர்ச்சியாக நாடு 26 துணை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு ஆய்வுகள் நடந்தன.

இதோடு தொடர்புடைய இன்னொரு ஏற்பாடு பலருக்குத் தெரியாது. ரயில் பாதைக்கு மேல்புறம் உள்ள ஏரி, குளங்கள் உடைந்தால் பாதை அரிக்கப்படும் என்பதால், அத்தகைய நீர்நிலைகளின் பட்டியலை ரயில்வே வைத்திருக்கும். மாநில அரசின் பொறியாளர்களும் ரயில்வே பொறியாளர்களும் அவற்றைக் கூட்டாகப் பார்வையிட வேண்டும். ஏரி மாநில அரசுடையது. தண்டவாளம் மத்திய அரசுடையது. இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவில் ஒரு கடிதம் பதிலின்றிக் கிடந்தால், ஆபத்து மழைநாளில்தான் வெளியே தெரியும். பாலத்தூண்களில் அபாய அளவுக் கோடு வரையப்பட்டிருக்கும். வெள்ளம் அந்தக் கோட்டைத் தாண்டினால், மழைக்கால ரோந்துக்கு அமர்த்தப்பட்ட கடைநிலை ஊழியரே ரயிலை நிறுத்தலாம். மேலதிகாரியின் ஆணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பொறுப்பையும் அதற்குரிய அதிகாரத்தையும் ஒரே கையில் கொடுத்த விதி இது. அரசு நிர்வாகத்தில் பல இடங்களில் பொறுப்பு மட்டும் கீழே இறங்குகிறது. அதிகாரம் மேலேயே தங்கிவிடுகிறது.

சாஸ்திரி முதல் சந்தானம் குழு வரை

ரயில்வேயை விட்டு விலகிய சாஸ்திரி பின்னர் மீண்டும் அமைச்சரவைக்கு வந்து, 1961-இல் உள்துறை அமைச்சரானார். அரசு ஊழியர்களின் நேர்மை பற்றிய கேள்வி அப்போது நாடாளுமன்றத்தில் பெரிதாக எழுந்திருந்தது. 1962-இல் அவர் ஊழல் தடுப்புக் குழு ஒன்றை அமைத்தார். அதன் தலைவர் தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம். இவரும் 1948 முதல் 1952 வரை ரயில்வேயைக் கவனித்த மத்திய இணை அமைச்சராக இருந்தவர்.

சந்தானம் குழு 1964-இல் தன் அறிக்கையை அளித்தது. அதன் பரிந்துரையின் பேரில் அதே ஆண்டு பிப்ரவரியில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் உருவானது. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளும் 1964-இல் வெளிவந்தன. தமிழகத்தில் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஆகவே அரியலூரோடு சாஸ்திரியின் பெயரைச் சேர்த்துச் சொல்லும்போது பதவி விலகலோடு நிறுத்துவது பாதிக் கதையாகிவிடும். ஒரு மனிதர் தம் மனசாட்சிப்படி விலகலாம். எல்லா அலுவலகங்களிலும் அத்தகைய மனசாட்சி இருக்கும் என்று நம்பி நிர்வாகத்தை நடத்த முடியாது.

மத்திய நடத்தை விதிகளின் மூன்றாம் விதி, ஊழியர் முழு நேர்மையும் கடமையில் ஈடுபாடும் உடையவராக இருக்க வேண்டும் என்கிறது. மேற்பார்வைப் பதவியில் இருப்பவர் தம் கீழ் வேலை செய்வோரின் நேர்மையையும் உறுதிசெய்ய இயன்ற நடவடிக்கை அனைத்தையும் எடுக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. 'கீழே இருப்பவர் செய்தார், எனக்குத் தெரியாது' என்ற விடைக்கு இந்த விதி இடம் தரவில்லை. நடைமுறையில் இந்தப் பகுதி எவ்வளவு பயன்படுத்தப்படுகிறது என்பது வேறு.

மாநில அரசு ஊழியர்களுக்கு 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் பொருந்தும். ஒழுங்கு நடவடிக்கைக்கு ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள் உள்ளன. அலுவலகப் பேச்சில் '17 ஏ', '17 பி' என்று சொல்லப்படுபவை இவற்றின் பிரிவுகளே. முன்னது கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனைகளுக்கானது. பின்னது பதவியிறக்கம், பணிநீக்கம் போன்ற பெருந்தண்டனைகளுக்கானது. அதற்கு முறையான குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் விசாரணையும் தேவை. ஓய்வுபெறும் நேரத்தில் ஒரு '17 பி' நிலுவையில் இருந்தால் ஓய்வூதியப் பலன்கள் சிக்கிக்கொள்ளும் என்பதால், இந்த எண்ணுக்கு அரசு ஊழியர் நடுவே தனி அச்சம் உண்டு.

அரசமைப்பின் 311-ஆம் உறுப்பு, விசாரணையும் தன் தரப்பைச் சொல்லும் வாய்ப்பும் இல்லாமல் ஊழியரைப் பணிநீக்கம் செய்யக் கூடாது என்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு. தவறு செய்தவரைக் காக்கும் கவசம் என்று இதைக் குறை சொல்வோர் உள்ளனர். ஆனால் மேலிடத்தின் தவறான விருப்பத்துக்கு இணங்காத ஊழியருக்கும் இதே உறுப்புதான் பாதுகாப்பு. அஞ்சி வேலை செய்பவரிடம் நேர்மையான கோப்புக் குறிப்பை எதிர்பார்க்க முடியாது.

வாய்மொழி உத்தரவு இன்னொரு பழைய நோய். தொலைபேசியில் ஆணை வரும். கையெழுத்து கீழே இருப்பவருடையதாக இருக்கும். மேலதிகாரியின் ஆணை பொதுவாக எழுத்தில் இருக்க வேண்டும், வாய்மொழியாகத் தந்தால் பின்னர் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும் என அகில இந்தியப் பணி நடத்தை விதிகள் கூறுகின்றன. முன்னாள் அமைச்சரவைச் செயலர் டி. எஸ். ஆர். சுப்பிரமணியன் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. அதிகாரிகளுக்கு ஒரு பதவியில் குறைந்தபட்சக் காலம் வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்புக் கூறியது.

இரண்டு மாவட்டங்களும் இடம் மாறும் கோப்பும்

அதிகாரி மாறிக்கொண்டே இருந்தால் பதில் சொல்பவர் யார் என்ற கேள்விக்கு, பெரம்பலூர் – அரியலூர் பகுதியின் நிர்வாக வரலாறே நல்ல விளக்கம். 1995-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001 ஜனவரியில் அதிலிருந்து அரியலூர் தனி மாவட்டமானது. 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடி தனி மாவட்டமாயிற்று. அந்த நாள் ரயில் விபத்தின் 51-ஆம் ஆண்டு நாளாக அமைந்தது தற்செயல்.

ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டம் இந்தக் காலத்தைக் குறுக்கே கடந்த ஒன்று. 1990-களின் பிற்பகுதியில் அத்திட்டத்துக்காக உழவர்களின் நிலம் கையகப்படுத்தப்பட்டது. சுரங்கமும் மின்நிலையமும் வரவில்லை. இழப்பீடு போதாது என்ற வழக்குகள் நீண்டன. நிலத்தின் உரிமை ஒரு பக்கமும் உழவு மறுபக்கமுமாக ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழிந்த பின், நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தர மாநில அரசு முடிவு செய்தது. இடையில் ஒரு தலைமுறை உழவர்கள் அந்த நிலத்தை விற்கவோ, அடகு வைத்து மகள் திருமணத்தை நடத்தவோ இயலாமல் காத்திருந்தனர். இங்கே யாரும் லஞ்சம் வாங்கியதாகச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வோர் அதிகாரியும் தம் காலத்துக்குரிய கையெழுத்தை விதிப்படி போட்டிருக்கலாம். ஆனால் முழுத் தாமதத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர் என்று ஒருவரைச் சுட்ட முடியாது. ஊழலைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. இத்தகைய காத்திருப்பைப் பிடிக்கும் சட்டம் மெலிந்தது.

அந்த மெலிந்த இடத்தில் ஒரு முக்கியமான தீர்ப்பு உண்டு. லக்னோ வளர்ச்சிக் குழுமம் தொடர்பான 1993-ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், அதிகாரிகளின் அலைக்கழிப்பால் மக்களுக்கு இழப்பீடு தர நேர்ந்தால், அந்தத் தொகையை அரசுப் பணத்திலிருந்து கொடுத்துவிட்டு, பொறுப்பான அதிகாரிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றது. வரி செலுத்துபவரே அலைக்கழிக்கப்பட்டு, வரிப்பணத்திலிருந்தே தண்டமும் கட்டுவது நியாயமில்லை என்பதே இதன் அடிப்படை.

மக்கள் கேட்கும் வழிகள்

குன்னம் வட்டத்தில் மக்காச்சோளம் பயிரிடும் ஓர் உழவர் பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பம் இ-சேவை மையத்தில் பதிவாகி, கிராம நிர்வாக அலுவலர், நில அளவர், வட்டாட்சியர் அலுவலகம் எனச் செல்லும். எங்கேனும் நின்றால், திங்கள்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியரகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். ஆண்டுதோறும் வட்ட அளவில் நடக்கும் ஜமாபந்தியிலும் கேட்கலாம். மனுவுக்குரிய ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைப்பது அவசியம். பின்னால் எடுக்கும் எல்லா நடவடிக்கைக்கும் அந்த எண்தான் ஆதாரம்.

பணம் கேட்டால் வழி வேறு. ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்தில் முன்கூட்டியே புகார் அளித்தால், ரசாயனப் பொடி தடவிய நோட்டுகளைக் கொடுத்து அனுப்புவர். வாங்கியவரின் விரல்களைக் கரைசலில் நனைத்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் மட்டுமே விலக்கு உண்டு. அதே திருத்தம், அதிகாரிகள் தம் பணியில் எடுத்த முடிவு அல்லது செய்த பரிந்துரை பற்றி விசாரிக்க அரசின் முன் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. கையும் களவுமாகப் பிடிபடும் வழக்குகளுக்கு அந்த ஒப்புதல் தேவையில்லை. இதன் விளைவு கவனிக்கத்தக்கது. பட்டாவுக்கு இரண்டாயிரம் வாங்குபவரை உடனே பிடிக்கலாம்; பெரிய கோப்பில் தவறான முடிவு எழுதியவரை விசாரிக்கவே அனுமதி வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தமிழகம் முன்னோடி மாநிலங்களுள் ஒன்று. 1997-லேயே இங்கு மாநிலச் சட்டம் வந்தது. விதிவிலக்குகள் மிகுந்த அது பெரிதாகப் பயன்படவில்லை. 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம்தான் நிலைமையை மாற்றியது. மேற்சொன்ன உழவர், 'என் விண்ணப்பம் எந்த நாளில் யார் மேசைக்கு வந்தது, அவர் என்ன குறிப்பு எழுதினார், கோப்பு நகல் வேண்டும்' என்று கேட்டால், 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடமும், பின்னர் 90 நாட்களுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்திடமும் முறையிடலாம். 'ஏன் தாமதம்' என்று பொதுவாகக் கேட்பதைவிட, இப்படி நாளும் பதவியும் கேட்பதே பயன் தரும். சட்டம் விளக்கத்தை அன்று, பதிவை மட்டுமே தரச் சொல்கிறது.

தகுந்த காரணமின்றித் தகவல் தராத பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை ஆணையம் தண்டம் விதிக்கலாம். இது அவருடைய சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டியது. ஆனால் அரசுக் கணக்குக்குத்தான் போகும். மனுதாரருக்கு ஏற்பட்ட இழப்புக்கு ஈடு வேண்டுமானால், அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவின் கீழ் தனியாகக் கேட்க வேண்டும். கேட்காதவருக்கு ஆணையம் தானாக வழங்குவது அரிது என்பதால், மேல்முறையீட்டு மனுவிலேயே போக்குவரத்துச் செலவு, இழந்த கூலி ஆகியவற்றை நாள் வாரியாக எழுதிவிடுவது நல்லது.